ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஒரு முந்தானை

கோமளா அக்கா அன்றைக்குச் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டார்.

எங்கள் டிசைன் ரூமை அறிந்தவர்களுக்கு இதன் விபரீதம் புரியும். அங்கே கம்ப்யூட்டருக்கு விபூதிப் பட்டை உண்டு, குங்குமம் உண்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி உண்டு. கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர்கூட வாசலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் நுழைவார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் வேதக்கார வீட்டுப் பெண்ணான நானே அந்தப் புகைக்குள் இருமிக்கொண்டு மௌஸைத் துழாவிப் பழகியவள்.

அக்காவின் கையில் ஒரே ஒரு அட்டை இருந்தது. துளை போட்ட ஜக்கார்டு அட்டை. ஓரத்தில் பல் பதிந்திருந்தது.

"ரெபேக்கா, மொத்தமும் போச்சும்மா. மழைல நனைஞ்சிடுச்சேன்னு மாடில காய வெச்சன். கொரங்கு தூக்கினு போயிடுச்சு."

"எல்லாமேவாக்கா?"

"முந்தானை அட்டை அத்தினியும்! எதுத்த வூட்டுத் தண்ணி டேங்க் மேல குந்திக்கினு, ஒண்ணொண்ணா பிச்சு, மோந்து பாத்து, ஏரியில கல்லு எறியிற மாதிரி எறிஞ்சிக்கினு இருக்குது. வாழப்பழம் காட்டனேன். அத்த வாங்கித் துன்னுட்டு மறுபடியும் பிக்குது."

தறியில் எந்த இழை மேலே போக வேண்டும், எது கீழே இருக்க வேண்டும் என்று சொல்வது அந்த அட்டைதான். அட்டை இல்லையென்றால் முந்தானை இல்லை. ஆனால் அட்டையை அடித்துக் கொடுத்த டிசைன் எங்கள் கம்ப்யூட்டரில் இருக்குமே!

"இதுக்குப் போயா இப்படி வேர்க்குது? டிசைன் இங்க பத்திரமா இருக்கும்க்கா. ஒரு நிமிஷம் உக்காருங்க, தேடி எடுத்துடறேன்" என்றேன்.

ஒரு நிமிஷம்! அந்த வாயை நினைத்தால் இப்போதும் எனக்கே ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

கொடுக்காப்புளிப் புடவை

இது சாதாரணப் புடவை இல்லை. அக்காவின் மகள் சுகன்யாவுக்கு முகூர்த்தப் புடவை.

கோமளா அக்கா சின்ன காஞ்சிபுரத்தில் தறி போட்டிருப்பவர். எங்கள் முதலாளி ஏகாம்பரத்துக்கு வருஷக்கணக்காக நெய்கிறவர். கடையில் அவர் நெய்த புடவையை முதலாளி விற்கும் அழகைப் பார்க்க வேண்டும். புடவையைப் பாதி பிரித்து, குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாரோ ஒட்டுக் கேட்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வார்: "இந்த டிசைன் ஒண்ணே ஒண்ணுதாம்மா. உங்களுக்கு மட்டும்." அந்த அம்மாவும் பூரித்துப் போய் வாங்கிப் போவார். அதே புடவை வேறு வேறு கலரில் உள் அறையில் அடுக்கி இருக்கும். அத்தனையையும் நெய்தவர் அக்காதான். அதனால் 'உங்களுக்கு மட்டும்' என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வாய் கோணிக்கொள்ளும்.

சுகன்யாவுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் முதலாளிக்குப் பெரிய மனசு வந்தது. "உம் பொண்ணுக்கு நானே புதுசா ஒரு டிசைன் போட்டுத் தரேன் கோமளா. என்னோட சீர்னு வெச்சிக்க. அவளுக்கு மட்டும்தான்" என்றார்.

அக்கா அன்றைக்கு வாயைக் கோணவில்லை. நம்பினார்.

சுகன்யாவுக்கு மயிலும் வேண்டாம், யானையும் வேண்டாம். அவளுக்குக் கொடுக்காப்புளி என்றால் உயிர். கரை முழுக்கக் கொடுக்காப்புளிச் சுருள், முந்தானையில் அதைக் கொத்தித் தின்னும் கிளிகள் என்று கேட்டிருக்கிறாள். முதலாளி முதலில் முகம் சுளித்தார், பிறகு வரைந்து பார்த்து அசந்துபோனார். கரையும் உடம்பும் நெய்து முடித்தாயிற்று. கிளிகள்தான் பாக்கி. கல்யாணத்துக்கு மூன்று வாரம். புதிதாக வரைந்து, கட்டம் போட்டு, அட்டை அடிக்க வேண்டுமென்றால் அதற்கே ஒரு மாதம் பிடிக்கும்.

ஆக, கிளிகள் கிடைத்தாக வேண்டும்.

எங்கள் கம்ப்யூட்டரின் சாஸ்திரம்

கிடைத்தாக வேண்டியது எங்கே இருந்தது என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் அலுவலகத்தின் சாஸ்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவள் செல்வி. நான் சேர்ந்தது அவள் போன பிறகு. சுகன்யாவின் டிசைனைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அட்டை அடித்ததும் அவள்தான். ஏ.சி. ரிமோட் யார் கையில் இருக்க வேண்டும் என்ற விஷயத்தில் முதலாளிக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டு, ஒரு நாள் ரிமோட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனவள்தான். முதலாளி நம்பரை பிளாக் செய்துவிட்டாள். அட்டை பறிபோன அன்றைக்கு நான் என் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். கடைப் பெயரைச் சொன்னதும் டக்கென்று வைத்துவிட்டாள். ரோஷக்காரி.

முதலாளிக்குக் கம்ப்யூட்டரில் தட்டத் தெரியாது. ஆனால் அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் திட்டவட்டமான கருத்து உண்டு.

முதல் விதி: எதையும் அழிக்கக் கூடாது. அந்த வார்த்தையே அந்த அறையில் காதில் விழக் கூடாது. வேண்டாத ஃபைலை 'குப்பை' என்று ஒரு ஃபோல்டரில் போடலாம். அதோடு சரி.

இரண்டாவது விதி: ஒவ்வொரு ஃபோல்டரிலும் முதலில் 'உ' என்று பிள்ளையார் சுழி போட்டு ஒரு வெற்று ஃபைல் வைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் என் உயிரை வாங்கியது. ஆயுத பூஜை அன்று கணக்கு புதிதாக வேண்டும். அதனால் அந்த வருஷத்து ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து அதற்குள் காப்பி செய்துவிட வேண்டும். அடுத்த வருஷம் அந்த ஃபோல்டரோடு சேர்த்து இன்னொன்றுக்குள். எத்தனை ஆயுத பூஜை ஆனதோ அத்தனை ஆழம். வெங்காயம் உரிப்பதுபோல உரித்துக்கொண்டே போகலாம், கண்ணீரும் வரும்.

மஞ்சள் திரை

முதலில் எல்லோரையும்போல பூதக்கண்ணாடிப் படத்தை அழுத்தித் தேடினேன். அது சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"விடுங்க, நான் கமாண்ட் போட்டுத் தேடறேன்" என்று கறுப்புத் திரையைத் திறந்தேன்.

இதைச் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் டிப்ளமோ படித்தவள் நான். தென்னேரியிலிருந்து பஸ் பிடித்து வந்து, கமாண்டுகளை ஜெபம்போல முணுமுணுத்துக்கொண்டே திரும்புவேன். படித்து முடித்து எத்தனையோ இடத்தில் வேலை பார்த்தும், அதைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. எங்கள் முதலாளியோ, அந்தக் கமாண்டுகள் ஓடுகிற லினக்ஸ் இலவசம் என்று யாரோ சொன்ன அந்த நொடியிலேயே லினக்ஸ் பக்தராகிவிட்டவர். என் படிப்புக்கு இப்போதுதான் வேளை வந்தது என்று விரலைச் சொடுக்கினேன்.

"இன்னாம்மா இது, கறுப்பா?" அக்காவின் சத்தம் கேட்டு வந்து என் பின்னால் நின்ற முதலாளி பதறினார். "முகூர்த்தப் பொடவையத் தேடச் சொல்ல கறுப்பத் தொறக்கறியே! மாத்தும்மா, மாத்து!"

மாற்றினேன். திரைக்கு மஞ்சள், எழுத்துக்குச் சிவப்பு. கண் வலித்தாலும் மங்களகரமாக இருந்தது.

`find . -iname "*கோமளா*"`

ஃபைண்ட் என்ற இந்தக் கட்டளைக்கு ஒரு குணம். நின்ற இடத்திலிருந்து ஒவ்வொரு ஃபோல்டராக, அதற்குள் இருப்பதற்குள் இருப்பது வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரும். கிடைத்தால் பாதையைச் சொல்லும். கிடைக்காவிட்டால் ஒரு வார்த்தை பேசாது. மன்னிக்கவும் என்றுகூடச் சொல்லாது. கோமளாவுக்கும் பேசவில்லை, சுகன்யாவுக்கும் பேசவில்லை, கொடுக்காப்புளிக்கும் பேசவில்லை.

'கிளி' என்று போட்டேன். ஐயோ! மடை திறந்த மாதிரி கொட்டியது. காஞ்சிபுரத்தில் கிளி இல்லாத புடவை ஏது? கிளி, கிளி நல்லது, கிளி ரொம்ப நல்லது, கிளி முதலாளி ஓகே, கிளி முதலாளி வீட்டம்மா ஓகே இல்லை. சந்தேகம் வந்ததையெல்லாம் திறந்து பார்த்தோம். ஒன்றும் கொடுக்காப்புளி தின்னவில்லை.

தேதியை வைத்துத் தேடலாம் என்றால், வருஷா வருஷம் காப்பி செய்ததில் பழைய ஃபைல் அத்தனைக்கும் ஒரே பிறந்தநாள். சரஸ்வதி கடாட்சம்!

கடைசியாக அளவு. முந்தானை டிசைன் ஃபைல் கனமாக இருக்கும். கனமானதை மட்டும் காட்டு என்று கேட்டால் ஆயிற்று. ஆனால் குப்பை ஃபோல்டரில் கனத்துக்குப் பஞ்சமில்லை. முதலாளி வீட்டுக் கிரகப்பிரவேச வீடியோ, காது குத்து வீடியோ, அவர் மச்சான் அனுப்பிய காலை வணக்கங்கள். அதனால் அதை மட்டும் ஒதுக்கிவிட்டுத் தேடச் சொன்னேன்.

`find . -type f -size +20M -not -path "*/குப்பை/*"`

"எவ்ளோ நீளமா எழுதுது பாரு" என்று முதலாளி அக்காவிடம் பெருமையாகச் சொன்னார். என்னவோ அவர் சொல்லிக் கொடுத்ததுபோல.

சின்னதாக ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். யானை. அன்னம். தாழம்பூ. தேர். மறுபடியும் யானை. அவ்வளவுதான். எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று.

"ரெண்டு தங்கல"

அக்கா சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். செருப்பு இன்னும் காலில்தான் இருந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கோமளா, நான் ஒண்ணு சொல்றன். அன்னம் முந்தானை அட்டை ரெடியா இருக்குது. அத்த மாட்டி நெய்ஞ்சிடு. ஆரு கண்டுபுடிக்கப் போறாங்க?"

"நான் கண்டுபுடிப்பன்." அக்காவின் குரல் உயரவில்லை. "கரை பூரா கொடுக்காப்புளி தொங்குது. அத்தப் போயி அன்னமா துன்னும்? ஊர்ல இருக்கிற பொண்ணுக்கெல்லாம் நெய்ஞ்சன் மொதலாளி. எம் பொண்ணு மணவறையில பாதிப் பொடவையோட குந்தணுமா?"

சொல்லி முடித்துவிட்டு அழுதார். நெய்கிறவர் அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதலாளி வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். பிறகு அவருக்கே சொல்லிக்கொள்வதுபோல முனகினார்.

"அந்த டிசைனே அப்பிடித்தான். மொதல்ல வரைஞ்சது கரண்ட் போயிப் போச்சு. ரெண்டாவது பென் டிரைவோட போச்சு. ரெண்டு தங்கல. மூணாவதுதான்..." என்றவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

கோமளா அக்கா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"ரெண்டு தங்கலன்னா... மூணாவதுக்கு இன்னா பண்ணீங்க?"

"அத்தல்லாம் வெளிய சொல்லக் கூடாது கோமளா. சொன்னா பலிக்காது."

"குப்பையில போட்டீங்களா?"

முதலாளி கூரையைப் பார்த்தார்.

ஒரு குழந்தை பிறந்து தங்காமல் போய், அடுத்ததும் தங்காமல் போனால், மூன்றாவதைக் குப்பை மேட்டில் போட்டு எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு பிடி தவிட்டைக் கொடுத்து, யாரோ போட்டுவிட்டுப் போனதை வாங்கியதுபோல வாங்கிக்கொள்வார்கள். பெயரும் குப்பன், குப்பம்மா என்று வைப்பார்கள். இது வேண்டாத பிள்ளை என்று எமனும் பொல்லாத கண்ணும் நம்பிவிட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சி.பி.யு.வின் பின்னால் ஒரு கைப்பிடி தவிடு கிடந்தது. எலிக்கு வைத்தார்களாக்கும் என்று கூட்டித் தள்ளினேன். இப்போது புரிந்தது.

"சார்! இத்தன நேரம் நான் இங்க மண்டைய ஒடைச்சிக்கிறேன், இத முன்னாடியே சொல்ல மாட்டீங்களா?" எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டையே தூக்கி அடித்திருப்பேன். அதிலும் குங்குமம் இருந்ததால் தப்பித்தது.

"போட்டுட்டு உடனே எடுக்கச் சொன்னம்மா! போட்டா எடுக்கணும், அதான முறை? செல்வி எடுத்திருப்பான்னுதான..."

ரோஷக்காரி போட்டிருக்கிறாள். எடுக்கவில்லை. ரிமோட் தகராறு நடுவில் வந்திருக்கும்.

அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? எங்கப்பாவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சாமுவேல். தென்னேரியில் சாமுவேல் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். குப்பன் என்று கேட்டால் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அந்தக் குப்பனின் மகள் நான், வேண்டியது குப்பையில் இருக்காது என்று படித்த திமிரில் ஒதுக்கிவிட்டுத் தேடியிருக்கிறேன்.

குப்பைக்குள் போய், கனமானதைக் காட்டச் சொன்னேன். காது குத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் நடுவில் ஒரு வரி வந்தது.

`./குப்பை/சனியன்/கருமம்/அசிங்கம்.bmp`

செல்வியைக் குறை சொல்ல முடியாது. கண் படாமல் இருக்க என்னவெல்லாம் செய்யலாமோ அத்தனையும் செய்திருக்கிறாள்.

திறந்தேன். திரை முழுக்கக் கிளிகள். ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கொத்துகிறது. ஒன்று தின்ற விதையைத் துப்புகிறது. இரண்டு ஒரே சுருளுக்குச் சண்டை போடுகின்றன. அவ்வளவு அழகு! அக்கா எழுந்து வந்து திரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் காலைக் குனிந்து பார்த்து, "ஐயையோ" என்று செருப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

ஒரு சின்ன விண்ணப்பம்

அட்டை அடித்துக் கொடுத்தோம். அக்கா தறியை விட்டு இறங்காமல் நெய்து, கல்யாணத்துக்கு முந்தின வாரம் புடவையோடு வந்தார். விரித்துக் காட்டினார். முதலாளி கிளிகளை விரலால் தடவிப் பார்த்தார். அவர் கண்ணில் ஈரமும் இருந்தது, வியாபாரமும் இருந்தது. இந்த முந்தானை கடைக்குப் போனால் என்ன ஓட்டம் ஓடும் என்று அவருக்குத் தெரியாதா?

அக்காவுக்கும் தெரியும்.

"மொதலாளி, ஒண்ணு கேக்கறன். அட்டைய நான் கொளுத்திடப் போறன், நலங்குக்கு வெந்நீர் அதுலதான். இங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறத்தயும் அழிச்சிடச் சொல்லுங்க."

அந்த அறையில் அந்த வார்த்தை அன்றுதான் முதன்முதலாகக் காதில் விழுந்தது. முதலாளிக்கு முகம் செத்துவிட்டது.

"இன்னா பேச்சு பேசற கோமளா? நான்தான் சொல்லிட்டனே, அவளுக்கு மட்டும்னு. என் மேல நம்பிக்க இல்லியா?"

"நீங்க அப்பிடிச் சொன்ன பொடவ எத்தினி நெய்ஞ்சிருக்கன், மொதலாளி?"

அக்கா சிரிக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை, கண்ணை எடுக்கவும் இல்லை. மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால் அக்காவால் என்ன செய்ய முடியும்? அவருடைய கம்ப்யூட்டர், அவர் வரைந்த கிளி.

முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ... ஹலோ..." என்று வெளியே போனார். போன் அடிக்கவே இல்லை. படியில் நின்றுகொண்டு, உள்ளே திரும்பாமல், "ரெபேக்கா, அவ சொல்றத்த செய்யி" என்றார்.

செய்தேன். பிறகு அக்காவின் எதிரிலேயே ஃபைண்ட் போட்டுத் தேடிக் காட்டினேன். அது ஒரு பாதையையும் சொல்லவில்லை.

மண்டபத்தில்

கல்யாணத்துக்கு முதலாளி குடும்பத்தோடு வந்திருந்தார். முன்வரிசை நாற்காலி. சுகன்யா மணவறைக்கு வந்து உட்கார்ந்து முந்தானையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டதும் பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. தாலி கட்டி முடித்த கையோடு, மாப்பிள்ளை வழியில் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, கழுத்தில் இருந்த நகையே அவருடைய வசதியைச் சொன்னது, முதலாளியைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"நீங்கதான் கடைக்காரராமே? அதே புடவை எனக்கு வேணும். மெரூன்ல. என் பொண்ணுக்கு ஒண்ணு, மருமகளுக்கு ஒண்ணு. விலையப் பத்திக் கவலையே படாதீங்க."

நான் முதலாளிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் தொண்டையைக் கனைத்தார். குரல் தாழவில்லை, பக்கத்தில் யாரையும் பார்க்கவில்லை.

"இல்லீங்கம்மா. அந்த டிசைன் ஒண்ணே ஒண்ணுதான்."

"அட, எல்லாக் கடையிலயும் இதத்தான் சொல்றாங்க! உள்ள எங்கயாவது வெச்சிருப்பீங்க, தேடிப் பாருங்க சார்."

"சத்தியமா இல்லம்மா" என்றார் முதலாளி. ஆயுசு முழுக்கச் சொல்லி விற்ற வார்த்தை அன்றைக்கு ஒரு நாள் உண்மையாகிப் போனதில் அவர் முகம் அழுதுவிடும் போலிருந்தது.

மணவறைப் பக்கம் நின்றிருந்த கோமளா அக்காவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். மகளின் முந்தானையை இழுத்துச் சரி செய்துவிட்டு நேராக எங்களிடம் வந்தார். எல்லோரும் பார்க்க முதலாளியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எழுந்திருங்க மொதலாளி. மொதப் பந்தியிலயே உங்களுக்கு எல போட்டிருக்கன். நான்தான் பரிமாறுவன்."